ஒரு பள்ளித் தவணையில் அரை நாள்தான் கிடைக்கும்: கூட்டத்துக்கா, டீச்சரிடமா, கிளாசுக்கா?

மட்டக்களப்பு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன் என்னிடம் கேட்டிருந்தார். "நான் வயல் கூலிக்குப் போறவன். பள்ளிக்கூடத்தில கூட்டம் எண்டா அண்டைக்குச் சம்பளம் இல்ல. போய்க் குந்தினாலும் கூரைத் தகட்டைப் பத்தித்தான் கதைக்கிறாங்க. மகள் நாலாம் தரம், இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். நான் என்னத்துக்குப் போக?"

அதே கிழமையில் சாய்ந்தமருதிலிருந்து ஒரு தாய். கணவர் கட்டாரில், மகன் ஏழாம் தரத்தில். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்க மெசேஜ் வருகிறது. மகன் எப்படிப் படிக்கிறான் என்பது மட்டும் அதில் வருவதில்லை. "பேசாம நல்ல டியூஷன் கிளாஸ் ஒண்டுல சேர்த்துட்டு இருக்கட்டா?" என்று கேட்கிறார்.

இருவர் கேட்பதும் ஒன்றுதான். பெற்றோரும் பள்ளிக்கூடமும் கைகோக்க வேண்டும் என்று பரிசளிப்பு விழா மேடையில் எல்லாரும் சொல்வார்கள். எந்த வாசலால் உள்ளே போவது என்று யாரும் சொல்வதில்லை. ஜோய்ஸ் எப்ஸ்டைன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் பெற்றோரின் பங்கை 6 வகையாகப் பிரித்திருக்கிறார்: பிள்ளை வளர்ப்பு, பள்ளியோடு தகவல் பரிமாறுவது, தொண்டு, வீட்டில் படிக்க உதவுவது, முடிவெடுப்பதில் பங்கெடுப்பது, ஊரைச் சேர்த்துக்கொள்வது. ஆறையும் ஒரே வீட்டார் செய்யப் புறப்பட்டால் பெரும்போகத்துக்கு ஒருவரும் வயலில் இறங்க முடியாது. ஆகவே ஒரு தவணையில் அரை நாள், மிஞ்சினால் ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொண்டு, நம் பக்கத்தில் உண்மையில் இருக்கும் ஐந்து வழிகளைப் பார்க்கிறேன்.

## எதை வைத்து அளப்பது?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: பிரச்சினை யாருடையது? மகளுக்கு வாசிப்பு வரவில்லை என்றால் அது பிள்ளையின் பிரச்சினை. பாதி வகுப்புக்குமே பின்னக் கணக்கு விளங்கவில்லை என்றால் அது வகுப்பின் பிரச்சினை. கணிதத்துக்கு ஆசிரியரே இல்லை என்றால் பள்ளிக்கூடத்தின் பிரச்சினை. பிள்ளையின் குறையைக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டால் பிள்ளைக்கு வெட்கம். பள்ளிக்கூடத்தின் குறையை வகுப்பு டீச்சரிடம் கேட்டால் அவருக்குச் சங்கடம், தீர்வும் அவர் கையில் இல்லை. நம்மில் பலர் களைத்துப்போவது இந்த இடம் மாறிப் போவதால்தான்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை: எத்தனை மணி நேரம் போகும், அதில் கூலி எவ்வளவு போகும். கைக்காசு எவ்வளவு. போய் வந்த பிறகு பிள்ளையின் கொப்பியில் ஏதாவது மாறுகிறதா. எழுத வாசிக்கக் கூச்சப்படுகிறவரும், நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவரும் இதைச் செய்ய முடியுமா. கடைசியாக, அந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் செய்த வேலை நிற்குமா. இந்தக் கடைசி விஷயத்தை நகரத்துப் பெரிய பள்ளிக்கூடக்காரர் யோசிக்கத் தேவையில்லை. வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரர் யோசிக்காமல் இருக்க முடியாது.

## ஆசிரியரை நேரில் சந்திப்பது

டீச்சர் கூப்பிட்டால்தான் போவது என்று நமக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. கூப்பிட்டாலோ, பிள்ளை ஏதோ செய்துவிட்டது என்று அர்த்தம். அதனால் சும்மா போய்ச் சந்திப்பது என்பதே நமக்கு வராது.

என் கதையைச் சொல்கிறேன். மகன் ஆறாம் தரத்தில் இருந்தபோது அவனுடைய கணித டீச்சர் வெள்ளிக்கிழமை தோறும் கொப்பியில் பெற்றோர் கையொப்பம் கேட்பாராம். எனக்கு அது தெரியாது. இரண்டாம் தவணை நடுவில் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போனவனை டீச்சர் மறித்து, "நீங்க கிழமைக்குக் கிழமை சைன் வைக்கிறீங்கதானே, அப்ப ஏன் ஒண்டும் கேக்கல்ல?" என்றார். கொப்பியைத் திறந்து பார்த்தேன். பதினொரு கையெழுத்து. என்னுடையதைவிட வடிவாக இருந்தது. பின்னம் தொடங்கிய நாளிலிருந்து அவனுக்கு ஒன்றுமே விளங்கவில்லை என்பதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியவந்தது. தவணைப் பரீட்சை ரிப்போட் இதைச் சொல்லாது. அது 34 என்று மட்டும் சொல்லும்.

போவதென்றால் வெறுங்கையோடு போகக் கூடாது. அந்தப் பாடத்தின் கொப்பியைக் கொண்டுபோங்கள். "எப்படிப் படிக்கிறாள்?" என்று கேட்டால் "பரவாயில்லை, இன்னும் முயற்சி செய்ய வேணும்" என்பதுதான் பதில். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். "எந்த இடத்தில் தடக்குப்படுகிறாள்?", "வகுப்பில் எங்கே, யாரோடு இருக்கிறாள்?", "வீட்டில் ஒன்றே ஒன்று செய்யலாம் என்றால் எதைச் செய்ய?" என்று கேட்டால் டீச்சரும் கொப்பியைப் புரட்டத்தான் வேண்டும்.

எப்போது போவது என்பதும் முக்கியம். படுவான்கரைப் பள்ளிக்கூடங்களுக்கு வரும் ஆசிரியர்களில் பலர் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் குடியிருப்பவர்கள். 2014 இல் இரு கரையையும் இணைக்கும் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பாதை சுருங்கியது உண்மைதான். ஆனால் பஸ்ஸுக்கும், சேர்ந்து வரும் வாகனத்துக்கும் நேரம் நேரந்தான். பள்ளி விட்ட பிறகு மறித்தால் டீச்சரின் கண் ரோட்டில் இருக்கும். முதல் நாளே கொப்பியில் ஒரு வரி எழுதி, பாடமில்லாத வேளை எது என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஆரம்பப் பிரிவு வகுப்பாசிரியருக்கு அப்படி வேளை கிடைப்பது அரிது. அவருக்கு இடைவேளைதான்.

மறைவான செலவு இரண்டு. ஒன்று, சில இடங்களில் இந்தச் சந்திப்பு ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் நடக்கும். வெளியே வராந்தாவில் கதைப்போமா என்று கேட்பதில் தப்பில்லை. மற்றது நம் பக்கத்துச் செலவு: கேட்டு வந்த கோபத்தில் பிள்ளைக்கு அடித்தால், அடுத்த கடிதம் வீட்டுக்கு வராது. சைன் மட்டும் வரும்.

டீச்சர் மாறிப்போனால்? கதைத்ததைத் திகதி போட்டு, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி வையுங்கள். அடுத்தவர் அங்கிருந்து தொடங்குவார்.

பத்தாம், பதினோராம் தரத்தில் இந்த வழி கொஞ்சம் மங்கும். சாதாரண தரத்துக்கு 9 பாடம், பல ஆசிரியர்கள். வகுப்பாசிரியரிடம் இருப்பது புள்ளிப் பட்டியல் மட்டுந்தான். அந்த வயதில் பலவீனமான ஒரு பாடத்தின் ஆசிரியரை, பிள்ளைக்குச் சொல்லிவிட்டே போய்ச் சந்திப்பது நல்லது.

## வகுப்பு வட்ஸ்அப் குழு

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பல வகுப்புகளில் இது தொடங்கியது. திறந்த பிறகும் தொடர்கிறது. இதைக் கேலி செய்வது சுலபம். பூப்போட்ட காலை வணக்கம் வரும், யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு வரும், நடுவில் எங்கேயோ நாளைக்குப் பசை கொண்டுவரவேண்டும் என்ற செய்தியும் இருக்கும்.

ஆனால் வேறு எந்த வழியாலும் செய்ய முடியாத ஒன்றை இது செய்கிறது. தாய் குவைத்தில், பிள்ளை அம்மம்மாவோடு என்று எத்தனை வீடுகள் இருக்கின்றன! அந்தத் தாய் கூட்டத்துக்கு வர முடியாது. குழுவில் இருக்க முடியும். மார்கழி மழையில் வவுணதீவுப் பக்கம் பாதைக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது, இன்று வர வேண்டாம் என்ற செய்தி விடியவே வந்து சேரும். எழுதக் கூச்சப்படுகிறவர் குரல் செய்தி அனுப்பலாம். கூட்டத்தில் ஒரு சொல் பேசாத பெண்கள் குரல் செய்தியில் தெளிவாகக் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன்.

மறைவான செலவு டேட்டாக் காசில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்துக் குழுவில் போடத் தொடங்கிய நாளிலிருந்து பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டு வருவதை விட்டுவிட்டார்கள். "அம்மாட போனுக்கு வரும்தானே." பாடம் பிள்ளையின் தோளிலிருந்து தாயின் தோளுக்கு ஏறிவிட்டது. யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை, தானாக நடந்தது. அப்புறம், புள்ளிப் பட்டியலை அப்படியே படம் பிடித்துப் போடுவது. கடைசியில் இருக்கும் பெயர் யாருடையது என்று அன்றிரவே ஊருக்குத் தெரியும். டீச்சருக்கும் இரவு என்று ஒன்று இல்லாமல் போகிறது. ஸ்மார்ட் போன் இல்லாத வீட்டுப் பிள்ளை மறுநாள் பசை இல்லாமல் வந்து ஏச்சு வாங்கும்.

குழு நல்லதாக இருக்க மூன்று விஷயம் போதும். ஆசிரியர் மட்டும் பதிவிடுவதாக அமைத்துவிடுவது. வீட்டுப்பாடத்தைப் போடாமல் விடுவது. தனிப் பிள்ளை பற்றிய பேச்சைத் தனிச் செய்தியில் வைத்துக்கொள்வது. போன் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெற்றோர் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பில் அயல் வீட்டுக்கு ஒரு செய்தி போய்ச் சேராதா என்ன?

## பாடசாலை அபிவிருத்திச் சங்கம்

நான் இதில் இரண்டு வருடம் கமிட்டியில் இருந்தவன். மேலே சொன்ன பதினொரு கையெழுத்தும் அதில் ஒரு வருடத்தில்தான் நடந்தது. விளையாட்டுப் போட்டிக்குக் கொட்டகை, குழாய்க்கிணறு, மதில் என்று ஓடினேன். மகனின் கணிதக் கொப்பியைத் திறக்க நேரம் கிடைக்கவில்லை. அதனால் இந்தப் பகுதியில் என் கசப்பு கொஞ்சம் கலந்திருக்கலாம்.

அதிபர் தலைவர், பெற்றோரும் ஆசிரியரும் உறுப்பினர். பாடப் புத்தகம் 1980 இலிருந்து இலவசம், சீருடைத் துணி 1993 இலிருந்து இலவசம், இருந்தும் பள்ளிக்கூடம் நடத்தச் சில்லறைச் செலவு ஆயிரம் இருக்கிறது. அதற்குத்தான் சங்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் கூட்டம் என்றாலே காசு கேட்பார்கள் என்ற பயம்.

சங்கத்தின் உண்மையான பலம் வேறு. கணிதத்துக்கோ ஆங்கிலத்துக்கோ ஆசிரியர் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் பள்ளிக்கூடங்களில் தனி ஒரு தகப்பன் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய் நின்றால் "பாப்பம்" என்ற பதில் வரும். சங்கத் தீர்மானத்தோடு பத்துப் பேர் போனால் அப்படிச் சொல்லி அனுப்புவது கஷ்டம். எந்த அலுவலகம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 வலயங்கள், அம்பாறை மாவட்டத்தில் 7. கொக்கட்டிச்சோலை மட்டக்களப்பு மேற்கு வலயத்தில், சாய்ந்தமருது கல்முனை வலயத்தில். ஆசிரியர் வரும்வரை தொண்டர் ஆசிரியர் ஒருவரை வைத்து மாதாமாதம் ஏதோ கொடுப்பதும் சங்கத்தால்தான் முடியும். இப்படியான நிலையில் டீச்சரைச் சந்திப்பது, குழுவில் எழுதுவது எதுவும் எடுபடாது.

செலவு: சந்தா, வர்ணம் பூசும் காசு, ஒரு நாள் கூலி. மறைவான செலவு என்றால், உள்ளே கால் வைத்தவரை ஊர் விடாது. உங்கள் பிள்ளைக்கும் "கமிட்டிக்காரர்ட பிள்ளை" என்ற பட்டம் வந்துவிடும். கூட்டத்தில் முக்கால்வாசி பெண்கள் இருப்பார்கள், கதைப்பதெல்லாம் ஆண்கள். இதையும் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

என் அபிப்பிராயம்: கமிட்டிக்கு எல்லாரும் போகத் தேவையில்லை. வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு மட்டும் போங்கள். கணக்கறிக்கையைக் கேளுங்கள், காசு கொடுத்தால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள், நிகழ்ச்சி நிரலில் படிப்பு பற்றி ஒரு விடயமாவது இருக்க வேண்டும் என்று கேளுங்கள். காசு இல்லாதவர் சிரமதானத்துக்குப் போகலாம். அங்கே மண்வெட்டி பிடித்துக்கொண்டு அதிபரோடு கதைப்பது கூட்டத்தில் கதைப்பதைவிட இலகு.

## கிளாசுக்கு விடுவது

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை கரையோரம் முழுக்கப் பின்னேரமானால் சைக்கிள்கள் கிளாஸ் பக்கம் திரும்பும். இதைக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. பள்ளியில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லை என்றால் வேறு வழி கிடையாது. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளிலும் அநேகமாக அப்படித்தான்.

ஆனால் நாலாம் தரப் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்பதற்கு, ஐம்பது பேர் இருக்கும் மண்டபத்தில் புலமைப்பரிசில் மொடல் பேப்பர் செய்விப்பது மருந்தாகாது. வாசிக்கத் தெரியாமல் வினாவை எப்படிச் செய்வது? மாதக் காசு எல்லாருக்கும் தெரிந்த செலவு. தெரியாத செலவு, பள்ளி டீச்சர் கிளாசில் செய்திருப்பார்கள் என்று விடுவதும், கிளாஸ் ஆசிரியர் பள்ளியில் படித்திருப்பார்கள் என்று ஓடுவதும். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை ஒரே பாடத்தை இரண்டு தடவை கேட்டு, இரண்டு இடத்திலும் கை உயர்த்தாமல் இருந்துவிடும். காசு கட்டியாயிற்று, நம் கடமை முடிந்தது என்று நமக்கும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் எனக்குப் பயம். அனுப்புவதென்றால், எந்தப் பாடத்துக்கு, எத்தனை மாதம் என்று பள்ளியின் பாட ஆசிரியரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

## வீட்டில் பதினைந்து நிமிடம்

"நானே எட்டாம் வகுப்போட நிண்டவன், நான் எப்படிச் சொல்லிக் குடுக்கிற?" என்று கேட்பவர்கள் பலர். சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

2009 இல் நான்சி ஹில், டயானா டைசன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆறாம் தரம் முதலான நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வீட்டுப்பாடத்தில் பெற்றோர் உதவுவதற்கும் பிள்ளையின் அடைவுக்கும் நல்ல தொடர்பு சீராகக் கிடைக்கவில்லை. படிப்பு எதற்கு, இனி என்ன செய்ய நினைக்கிறாய், இன்று படித்தது வெளியில் எங்கே உதவும் என்று கதைக்கும் வீடுகளில்தான் தொடர்பு வலுவாக இருந்தது. அமெரிக்க ஆய்வுதான். ஆனால் நெல் மூடைக் கணக்கும் உரக் கணக்கும் தெரிந்த தகப்பனுக்கு விகிதம் பற்றிக் கதைக்கப் பட்டம் தேவையா?

சின்னப் பிள்ளை என்றால் அது சத்தமாக வாசிக்க, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அம்மம்மாவும் கேட்கலாம். வாசித்ததைக் கதையாகத் திருப்பிச் சொல்லச் சொன்னால், விளங்கியதா என்பது எழுத்துத் தெரியாதவருக்கும் தெரியும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று டீச்சர் சொன்னால் இது பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த வேலையாகும். அது இல்லாமல் நாமாகச் செய்தால் பழைய பாடத்தையே சுற்றுவோம்.

இதில் காசு போகாது, உங்கள் களைப்புத்தான் போகும். டிவியை நிறுத்த வேண்டும், போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கிழமையில் நாலு நாள் நடந்தால் நல்ல கிழமை என்று எடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | நேரம், காசு | மறைவான செலவு | யாருக்கு, எப்போது |
|---|---|---|---|
| ஆசிரியரைச் சந்திப்பது | தவணைக்கு ஒரு காலை | பிள்ளைக்கு வெட்கம், அடி. இடமாற்றம் | பிள்ளையின் பிரச்சினை. தரம் 1 முதல் 9 வரை |
| வட்ஸ்அப் குழு | டேட்டா மட்டும் | வீட்டுப்பாடம் தாயின் தலையில் | வெளிநாட்டில் பெற்றோர். மழைக்காலச் செய்தி |
| அபிவிருத்திச் சங்கம் | ஒரு நாள் கூலி, சந்தா | உள்ளே போனால் மீள்வது கஷ்டம் | ஆசிரியர் வெற்றிடம், தண்ணீர், மலசலகூடம் |
| கிளாஸ் | மாதக் கட்டணம், பின்னேரங்கள் | கடமை முடிந்தது என்ற நிம்மதி | பள்ளியில் ஆசிரியர் இல்லாத பாடம், உயர்தரம் |
| வீட்டில் 15 நிமிடம் | காசில்லை | நம் களைப்பு | எல்லாருக்கும். எந்தப் பக்கம் வாசிக்க என்று டீச்சர் சொன்னால் |

## சரி, கேட்ட இருவருக்கும்

கொக்கட்டிச்சோலை ஐயாவுக்கு: இந்தத் தவணைக் கூட்டத்தை விடுங்கள். கூலி வேலை குறைவான ஒரு காலை பார்த்து, மகளின் தமிழ்ப் புத்தகத்தோடு டீச்சரிடம் போங்கள். எந்தத் தரத்துப் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறாள் என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் தரப் புத்தகம்தான் என்றால் அதையே கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரவுச் சோற்றுக்கு முன்னால் ஒரு பக்கம், நீங்கள் கேட்க அவள் வாசிக்கட்டும். கூட்டத்துக்குப் போகும் அயல் வீட்டாரிடம் ஒரு வரி சொல்லி அனுப்புங்கள்: நூலக அலுமாரியைக் கிழமைக்கு ஒரு நாளாவது திறக்கட்டும் என்று.

சாய்ந்தமருதுத் தங்கச்சிக்கு: குழுவை மியூட் பண்ணிவிட்டு, வகுப்பாசிரியருக்குத் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பி நேரம் கேளுங்கள். கிளாஸை ஒரு தவணைக்குத் தள்ளிப்போடுங்கள். அதற்குப் பிறகும் கிளாஸ் தேவை என்று பாட ஆசிரியர் சொன்னால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் சேருங்கள். கட்டாரில் வெள்ளிக்கிழமை லீவுதானே. அன்று பின்னேரம் வாப்பா போன் எடுக்கும்போது "நல்லாப் படிக்கிறியா மகன்?" என்று கேட்டால் "ஓம்" என்ற ஒரு சொல்தான் வரும். அந்தக் கிழமை விஞ்ஞானத்தில் படித்த ஒன்றை விளங்கப்படுத்தச் சொல்லட்டும். பெற்றோர் கையொப்பம் கேட்கும் கொப்பி ஏதாவது இருக்கிறதா என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.